சொகுசுக் கப்பல் பயண முகவர் தரகு

சொகுசுக் கப்பல் பயண முகவர் தரகு என்பது, கப்பல் பயணம் ஒன்றைப் பயணிக்கு விற்றுக் கொடுக்கும் முகவருக்குக் கப்பல் நிறுவனம் அளிக்கும் ஊதியம் ஆகும். பேச்சு வழக்கில் இது கமிஷன் எனப்படுகின்றது. இத்தொகை பயணக் கட்டணத்தின் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்படும். பயணி இதனைத் தனியாகச் செலுத்துவதில்லை. அவர் செலுத்தும் கட்டணத்துக்குள்ளேயே இது அடங்கியுள்ளது. சில முகவர்கள் தமக்குக் கிடைக்கும் தரகின் ஒரு பகுதியைப் பயணிக்கே திருப்பி அளிக்கின்றனர். இது தரகுப் பகிர்வு எனப்படும். இக்கட்டுரை, இவ்வணிகம் பெருமளவில் நடைபெறும் ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை விளக்குகின்றது.

பின்னணி

ஒரு காலத்தில் அமெரிக்கப் பயண முகவர்களின் வருவாயில் பெரும்பகுதி வானூர்திப் பயணச்சீட்டுகளில் இருந்து கிடைத்தது. சீட்டின் விலையில் 10 விழுக்காடு தரகாக வழங்கப்பட்டு வந்தது. 1995 பெப்ரவரியில் டெல்டா வானூர்தி நிறுவனம், உள்நாட்டுப் பயணங்களுக்கான தரகு ஒருவழிக்கு 25 டாலரையும் இருவழிக்கு 50 டாலரையும் மிஞ்சாது என அறிவித்தது. பிற பெரிய நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய வானூர்தி நிறுவனங்கள் அடிப்படைத் தரகையே நிறுத்திவிட்டன. இதனால் பல முகவர்கள் கப்பல் பயண விற்பனையின் பக்கம் திரும்பினர்.

கப்பல் நிறுவனங்கள் தரகை நிறுத்தாமைக்குக் காரணங்கள் உண்டு. வானூர்திச் சீட்டை வாங்குபவர் நாளையும் நேரத்தையும் விலையையும் அறிந்தால் போதும். கப்பல் பயணத்தைத் தெரிவு செய்பவரோ அறையின் வகை, அது அமைந்துள்ள தளம், உணவு நேரம், காப்புறுதி, கரைச் சுற்றுலா எனப் பலவற்றை முடிவு செய்ய வேண்டும். முதல்முறை செல்வோருக்கு இவற்றை விளக்க ஒருவர் தேவை. மேலும், கப்பல் புறப்பட்டபின் காலியான அறையை விற்க முடியாது. விற்பனை நடந்தால் மட்டுமே ஊதியம் பெறும் முகவர்கள், நிலையான சம்பளச் செலவின்றி அறைகளை நிரப்ப உதவுகின்றனர்.

கணக்கிடும் முறை

பயணி செலுத்தும் மொத்தத் தொகை முழுவதற்கும் தரகு கிடைப்பதில்லை. அத்தொகையைப் பொதுவாக மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

1. தரகுக்குரிய கட்டணம்.
2. தரகில்லாக் கட்டணம். இதுவும் கப்பல் நிறுவனத்துக்கே சேர்கின்றது; ஆனால் இதற்குத் தரகு வழங்கப்படுவதில்லை.
3. அரச வரிகளும் துறைமுகக் கட்டணங்களும்.

எடுத்துக்காட்டாக, இருவர் செல்லும் ஒரு பயணத்தின் மொத்த விலை 2,000 டாலர் எனக் கொள்வோம். இதில் தரகுக்குரிய கட்டணம் 1,500, தரகில்லாக் கட்டணம் 300, வரிகளும் துறைமுகக் கட்டணமும் 200 டாலர் என்க. தரகு விகிதம் 10 விழுக்காடு எனில் முகவருக்கு 150 டாலர் கிடைக்கும். இது மொத்த விலையில் 7.5 விழுக்காடே ஆகும்.

முன்பதிவு செய்தவுடன் தரகு கிடைத்துவிடாது. பயணி முழுத் தொகையையும் செலுத்திய பின்னரே பொதுவாக அது வழங்கப்படும். அதற்கு முன் பயணம் இரத்தானால் முகவரின் உழைப்புக்கு ஊதியம் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் கப்பல் பயணங்கள் நிறுத்தப்பட்டபோது முகவர்களின் வருவாய் பெரிதும் பாதிக்கப்பட்டது. அப்போது பல கப்பல் நிறுவனங்கள், முழுத் தொகையும் செலுத்தப்பட்டுப் பின்னர் தாம் இரத்துச் செய்த பயணங்களுக்கும் தரகை வழங்க முன்வந்தன.

விகித வேறுபாடு

எல்லா முகவர்களுக்கும் ஒரே விகிதம் இல்லை. தொடக்க விகிதம் பெரும்பாலும் 10 விழுக்காடாகும். ஆண்டு விற்பனை கூடக் கூட விகிதமும் படிப்படியாக உயர்ந்து 15 அல்லது 16 விழுக்காட்டையும் அடையலாம். இதனால் சிறு முகவர்கள் பலர் விற்பனைக் கூட்டமைப்புகளில் சேர்கின்றனர், அல்லது தாய் முகமை ஒன்றின் கீழ் இயங்குகின்றனர். தாய் முகமை பலரது விற்பனையையும் தன் கணக்கில் சேர்த்து உயர்ந்த விகிதத்தைப் பெறும். பின்னர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை முகவருக்கு அளிக்கும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் தாய் முகமை 16 விழுக்காடு பெற்றால் தரகு 240 டாலர் ஆகும். அதில் 70 விழுக்காடு முகவருக்கு எனில் அவருக்கு 168 டாலர் கிடைக்கும். தனித்து இயங்கி 10 விழுக்காடு பெறுவதைவிட இது கூடுதலாகும்.

பயணியுடன் பகிரும் வடிவங்கள்

* விலைக் குறைப்பு: முகவர் தம் தரகின் ஒரு பகுதியைக் கட்டணத்தில் நேரடியாகக் கழிப்பது.
* கப்பல் கணக்கு வரவு: கப்பலில் செலவழிப்பதற்காகப் பயணியின் அறைக் கணக்கில் ஒரு தொகையை முன்கூட்டியே வரவு வைப்பது. இதனை ஆன்போர்டு கிரெடிட் என்பர்.
* செலவை ஏற்றல்: பணியாளர் அன்பளிப்புத் தொகை போன்றவற்றை முகவரே செலுத்துவது.
* பரிசு அட்டை: பயணத்துக்குப் பின் அளிக்கப்படும் அட்டை. எடுத்துக்காட்டாக, காஸ்ட்கோ நிறுவனத்தின் பயணப் பிரிவு, கப்பல் பயணம் வாங்கும் உறுப்பினர்களுக்குத் தன் கடைகளில் பயன்படுத்தத்தக்க அட்டையை அளிக்கின்றது.
* குழு விலை: முகவர் பல அறைகளை முன்னதாக ஒதுக்கி வைத்து, அப்போதைய விலையிலேயே பின்னர் விற்பது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயணிகள் சேர்ந்தால், பெரும்பாலும் 16 பேருக்கு ஒன்று என, ஓர் இடத்தின் கட்டணத்தைக் கப்பல் நிறுவனம் விட்டுக் கொடுக்கும். அதன் மதிப்பை முகவர் தாமே வைத்துக்கொள்ளலாம். குழுவினருக்குப் பங்கிட்டும் கொடுக்கலாம்.

கட்டுப்பாடுகள்

தரகுப் பகிர்வு பெரிய முகவர்களுக்கே சாதகமானது. 1,500 டாலருக்கு 16 விழுக்காடு பெறுபவர் 120 டாலரைத் திருப்பிக் கொடுத்தாலும் அவரிடம் 120 டாலர் எஞ்சும். 10 விழுக்காடு பெறுபவர் அதே தொகையைக் கொடுத்தால் 30 டாலரே எஞ்சும். சிறு முகவரிடம் பல மணி நேரம் ஆலோசனை பெற்றுவிட்டு, கூடுதலாகத் திருப்பித் தரும் வேறொருவரிடம் பயணி முன்பதிவு செய்யும் நிலையும் உண்டு.

2004ஆம் ஆண்டில் ராயல் கரிபியன் நிறுவனம், தான் நிர்ணயித்த விலைக்குக் குறைவாக விற்கும் முகவர்களுடன் வணிகம் செய்வதில்லை என்ற கொள்கையை அறிவித்தது. முகவர் அறையை விலைக்கு வாங்கி மறுவிற்பனை செய்வதில்லை. நிறுவனத்தின் சார்பிலேயே விற்கின்றார். இத்தகைய விற்பனையில் உரிமையாளரே விலையை நிர்ணயிக்கலாம் என்பதை, 1926இல் ஜெனரல் எலக்ட்ரிக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது. விலையைக் குறைக்க இயலாத இடங்களில் பகிர்வு பரிசு அட்டை, கணக்கு வரவு போன்ற பிற வடிவங்களை எடுக்கின்றது.

பயணிக்கு இதனால் ஏற்படும் விளைவு

முகவரின் சேவை இலவசம் எனக் கூறப்படுவது உண்டு. உண்மையில் அதன் விலை கட்டணத்துக்குள்ளேயே உள்ளது. பயணி நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினாலும் அறிவிக்கப்பட்ட விலை பொதுவாகக் குறைவதில்லை; தரகுத் தொகை நிறுவனத்திடமே தங்கிவிடுகின்றது. எனவே பயணியின் தெரிவு, அத்தொகைக்குப் பதிலாக ஆலோசனையைப் பெறுவதா, பணத்தின் ஒரு பகுதியைப் பெறுவதா என்பதே ஆகும். பயணம் இரத்தாகும்போதும் அறை மாறும்போதும் முகவரின் உழைப்பு பயன்படும். எல்லாம் சீராக நடந்தால் திரும்பக் கிடைத்த பணம் பயன்படும்.

இரு முகவர்களின் விலைகளை ஒப்பிடும்போது பின்வருவனவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

* இரத்துச் செய்தால் கப்பல் நிறுவனத்தின் கட்டணத்துக்கு மேலாக முகவரும் கட்டணம் பிடிப்பாரா என்பது.
* கணக்கு வரவில் செலவழிக்காத பகுதி பணமாகத் திரும்பக் கிடைக்குமா என்பது.
* முன்பதிவு முகவரின் பெயரில் இருந்தால் மாற்றங்களைப் பெரும்பாலும் அவர் வழியாகவே செய்ய வேண்டும் என்பது.
* கலிபோர்னியா, புளோரிடா, வாசிங்டன், ஹவாய் ஆகிய மாநிலங்களில் பயண விற்பனையாளர் பதிவுச் சட்டங்கள் உள்ளன என்பது.

தரகு விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், முகவரின் பரிந்துரை கூடுதல் தரகு தரும் கப்பலின் பக்கம் சாயவும் கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பயணங்களை ஒப்பிட்டுக் காட்டுமாறு கேட்பது இதற்கு எளிய பாதுகாப்பாகும்.