ஆசியாவில் முதலிடம்… ஆனாலும் லண்டன் டிக்கெட் இல்லை! கூலித்தொழிலாளி மகள் சித்ரா ஓடியே சொன்ன பதில்

பாலக்காடு மாவட்டம் முண்டூரை சேர்ந்தவர் ஓட்டப்பந்தய வீராங்கனை பி.யு.சித்ரா. 1995-ல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் விவசாய கூலி வேலை செய்தவர்கள். 4 பிள்ளைகள். ஷூ வாங்கக்கூட காசு பத்தாத குடும்பம்.

முண்டூர் பள்ளியில் பயிற்சியாளர் சிஜின்தான் சித்ராவின் ஓட்டத்தை பட்டை தீட்டினார். படிக்கும்போது விளையாட்டு உதவித்தொகையாக கிடைத்தது மாதம் 600 ரூபாயும், தினமும் 25 ரூபாயும்தான். ஆனால் 2013-ல் தேசிய பள்ளி விளையாட்டில் 1,500, 3,000, 5,000 மீட்டர் என மூன்றிலும் தங்கத்தை அள்ளினார். உத்தரபிரதேச அரசு நானோ கார் பரிசாக கொடுத்தது.

புவனேஸ்வரில் தங்கம்

2017 ஜூலையில் புவனேஸ்வரில் ஆசிய தடகள சாம்பியன்ஷிப் நடந்தது. 1,500 மீட்டரை 4 நிமிடம் 17.92 விநாடியில் ஓடி சித்ரா தங்கம் வென்றார். அடுத்த மாதமே லண்டனில் உலக தடகள போட்டி. ஆசிய சாம்பியன் ஆச்சே, கண்டிப்பாக போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இந்திய அணி பட்டியலில் அவர் பெயர் இல்லை!

ஏன் இப்படி?

லண்டனுக்கு தகுதி பெற 4 நிமிடம் 7.50 விநாடி என்று நேரம் வைத்திருந்தார்கள். கண்டத்தின் சாம்பியனாக இருந்தால் அந்த நேரத்தை தொடாவிட்டாலும் வாய்ப்பு உண்டு. ஆனால் பெயரை அனுப்ப வேண்டியது அந்தந்த நாட்டு சங்கம். சித்ராவின் நேரம் போதாது, அதன்பிறகு குண்டூரில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியிலும் அவர் முதலிடம் வரவில்லை என்று இந்திய தடகள சங்கம் காரணம் சொன்னது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. 1,500 மீட்டர் என்பது மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று சுற்றுவது. சாம்பியன்ஷிப் போட்டியில் கடிகாரத்தை பார்த்து யாரும் ஓடுவதில்லை. முதல் சுற்றுகளில் ஒருவரை ஒருவர் நோட்டம் பார்த்து மெதுவாக ஓடி, கடைசி சுற்றில்தான் பாய்வார்கள். அதனால் தங்கம் வென்றவரின் நேரம்கூட சுமாராக தெரியும். நேரத்தை மட்டும் வைத்து எடை போட்டால் ஜெயித்தவருக்கும் நஷ்டம்தான்.

விவகாரம் கேரள ஐகோர்ட்டுக்கு போனது. சித்ராவை சேர்க்க கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் பெயர் கொடுக்கும் கெடு அதற்குள் முடிந்துபோனது. சர்வதேச சங்கம் கையை விரித்துவிட்டது. லண்டன் போட்டியில் சித்ராவால் ஓட முடியவில்லை.

மறுபடியும் தங்கம்

அதோடு அவர் முடங்கிவிடவில்லை. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 4 நிமிடம் 12.56 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். புவனேஸ்வரில் ஓடியதை விட 5 விநாடிக்கு மேல் வேகம்!

2019 ஏப்ரலில் தோகாவில் மீண்டும் ஆசிய சாம்பியன்ஷிப். பக்ரைன் வீராங்கனை கடைசிவரை விடவில்லை. ஆனால் 4 நிமிடம் 14.56 விநாடியில் சித்ரா முதலில் கோட்டை தொட்டார். இருவருக்கும் வித்தியாசம் வெறும் கால் விநாடிதான்.

முதல் தங்கம் சொந்த நாட்டில் கிடைத்தது, ஏதோ அதிர்ஷ்டம் என்று யாராவது நினைத்திருந்தால், அந்த பேச்சு தோகாவோடு முடிந்தது.