குடிவருவோர்க்கு ஒரு வழிகாட்டித் தாள்

நுழையும்முன்

மாணவர்களே! மைசூருக்குக் குடிவந்த முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்று உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். கடை எங்கே, பேருந்து எது, தண்ணீர் எப்போது வரும் என ஒவ்வொன்றையும் பிறரிடம் கேட்டே அறிந்திருப்பார்கள். இன்று நீங்கள் அவற்றையெல்லாம் அறிந்தவர்கள். உங்கள் வீட்டு மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ புதிதாக ஒருவர் குடிவந்தால், அவருக்கு எவற்றைச் சொல்ல வேண்டும்? அதனை இப்பாடம் விளக்குகிறது.

சொல்லாததால் நேர்ந்தது

பணிமாறுதல் பெற்று மைசூருக்கு வந்தபோது, ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியேறினேன். மறுநாள் காலை குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. குழாயை மூட மறந்து பள்ளிக்குச் சென்றுவிட்டேன். மாலையில் திரும்பியபோது படிக்கட்டு முழுவதும் ஈரம். கீழ்வீட்டு முற்றத்தில் வீட்டுக்கார அம்மையார் நனைந்த கேழ்வரகைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவரோ, “நம் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். பத்து மணிக்குமேல்தான் மோட்டார் போடுவோம். இதை உங்களிடம் நாங்கள் சொல்லவே இல்லையே!” என்றார்.

அவர் வேண்டுமென்றே மறைக்கவில்லை. நாள்தோறும் பழகிய செய்தி, சொல்ல வேண்டிய செய்தியாக நமக்குத் தோன்றுவதில்லை. அதனால்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆனால், புதியவர்க்கு முதலில் தேவைப்படுவது அதுவே.

முதல் நாளே சொல்ல வேண்டியவை

உயிர்காக்கும் செய்திகளை முதல் நாளே சொல்ல வேண்டும். மின்சாரத்தை முழுவதும் நிறுத்தும் முதன்மைச் சுவிட்சு எங்கே உள்ளது என்பதைக் கையால் தொட்டுக் காட்டுதல் நன்று. இருட்டில் தேடுவதற்கு வாய்ச்சொல் மட்டும் போதாது.

அடுத்தது சமையல் எரிவாயு. இதற்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் உணர்வதற்காகவே மணமூட்டும் பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. இது காற்றைவிட எடை மிகுந்தது. எனவே தரையை ஒட்டித் தேங்கும். மணம் வந்தால் உருளையின் ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். தீக்குச்சி கிழித்தல் கூடாது. மின்சுவிட்சைப் போடுதலும் கூடாது, நிறுத்துதலும் கூடாது. இரண்டிலும் பொறி எழக்கூடும். வெளியே வந்த பிறகே தொலைபேசியில் உதவி கேட்க வேண்டும்.

குளியலறை வெந்நீருக்கு எரிவாயுக் கீசர் இருந்தால் தனியே எச்சரித்தல் வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் அறியாமலேயே மயங்கி உயிரிழக்க நேரும். ஆகவே அக்கருவி குளியலறைக்கு வெளியே இருத்தல் வேண்டும். காற்றுவழியை ஒருபோதும் அடைத்தல் கூடாது.

பின்வரும் எண்களை எழுதித் தருக:

அவசர உதவி – 112
தீயணைப்பு – 101
மருத்துவ ஊர்தி – 108
எரிவாயுக் கசிவு – 1906
மின்தடை – 1912

தண்ணீரும் மின்சாரமும்

மைசூருக்குக் குடிநீர் தருபவை காவிரியும் கபினியும் ஆகும். கபினி திருமக்கூடல் நரசிபுரத்தில் காவிரியுடன் கலந்து, தமிழ்நாடு நோக்கிச் செல்கிறது. நாம் இங்குக் குடிக்கும் ஆற்றுநீரையே நம் உறவினர் பலர் அங்கும் குடிக்கின்றனர்.

குழாய்நீர் வரும் நாள், நேரம், ‘சம்ப்’ எனப்படும் நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி இருந்தால், எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று காட்டுக. குழாயில் நின்ற குளிர்ந்த நீர் முதலில் வரும். அதனை வாளியில் பிடித்துத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம். மழைநாளில் வெந்நீர் குறையும் என்பதையும் கூறுக.

மைசூரில் மின்சாரம் வழங்குவது சாமுண்டீசுவரி மின்வழங்கு கழகம். கட்டணச் சீட்டில் ‘ஆர்.ஆர். எண்’ ஒன்று இருக்கும். மின்தடை பற்றிப் புகார் தரும்போது அவ்வெண் தேவைப்படும். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு மின்சாரம் செலவாகும். இதனை அறிந்தவர் கீசரை மறந்து செல்லமாட்டார்.

குப்பையும் ஒழுங்கும்

2015, 2016 ஆகிய ஆண்டுகளில் நடுவண் அரசு வெளியிட்ட தூய்மை நகரத் தரவரிசையில் மைசூரு முதலிடம் பெற்றது. அப்பெருமைக்கு உழைத்தவர்கள் பௌரகார்மிகர் எனப்படும் துப்புரவுப் பணியாளர்கள். குப்பையைக் கலந்து கொடுத்தால் அவர்கள் கையால் பிரிக்க நேரிடும். ஆகவே, ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் தனித்தனியே வைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தாளில் சுற்றித் தனியே தர வேண்டும். வண்டி வரும் நேரத்தைக் குடிவருவோர்க்குக் கூற வேண்டும்.

நிபந்தனைகள்

வாயில் பூட்டும் நேரம், வண்டி நிறுத்துமிடம், விருந்தினர் தங்குதல், சமையல் ஆகியவை பற்றி நிபந்தனை ஏதேனும் இருந்தால், முன்பணம் பெறுவதற்கு முன்னரே சொல்ல வேண்டும். பணத்தைப் பெற்றபின் புதிய நிபந்தனை கூறுதல் முறையன்று. ஊர்விட்டு வந்தவர் உடனே வேறு வீட்டுக்கு எங்கே செல்வார்? அவ்வாறே, அவருடைய வருமானம், சாதி, உறவினர் பற்றித் துருவிக் கேட்பதும் முறையன்று. நமக்குத் தெரிந்ததை அவர்க்குச் சொல்வது உதவி. அவர் சொல்ல விரும்பாததைக் கேட்பது தொல்லை.

எழுதித் தருக

பெட்டி படுக்கையுடன் வந்தவர் களைத்திருப்பார். ஒரே நாளில் சொன்னவை எல்லாம் நினைவில் நில்லா. ஆகவே அனைத்தையும் ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டுக. குடிவருபவர் தமிழ் மட்டுமே அறிந்தவராயின் தமிழில் எழுதுக. வீட்டுக்காரர் கன்னடத்தில் கூறுவதை நீங்களே மொழிபெயர்த்துத் தருக. இரு மொழி அறிந்த உங்களால் மட்டுமே செய்யக்கூடிய உதவி இது.

மொழி அறிவோம்

குப்பை வண்டியில் வருவோர் ‘ஹஸி கஸ’, ‘ஒண கஸ’ என்பர். கஸ என்றால் குப்பை. ஹஸி என்பது ஈரம். தமிழில் பசுமை, பச்சை என்னும் சொற்களுக்கு உறவுடையது. ஒண என்பது உலர்ந்தது. தமிழில் ‘உணங்குதல்’ என்றால் உலர்தல். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும்.

பால் – ஹாலு
பத்து – ஹத்து
புலி – ஹுலி

சொற்பொருள்

நடுவண் அரசு – மத்திய அரசு
அலகு – யூனிட்டு
உருளை – சிலிண்டர்
முன்பணம் – அட்வான்சு

பயிற்சி

1. எரிவாயு மணம் வரும்போது மின்சுவிட்சை நிறுத்துவதும் கூடாது. ஏன்?
2. நிபந்தனைகளை முன்பணம் பெறுமுன் ஏன் சொல்ல வேண்டும்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
3. ‘ப’கரத்தில் தொடங்கி, கன்னடத்தில் ‘ஹ’கரமாக மாறும் சொற்கள் மூன்றினைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
4. உம் வீட்டுக்கு நாளை ஒருவர் குடிவருகிறார் எனக் கொண்டு, ஒரு பக்க அளவில் வழிகாட்டித் தாள் எழுதுக. எழுதியபின் வீட்டில் உள்ளோரிடம் காட்டி, விடுபட்டவற்றைச் சேர்க்க.