ஐஸ் தண்ணீரில் முக்கிய நூல்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போனால், தரையில் உட்கார்ந்து வலை சரிசெய்கிறவர்களைப் பார்க்கலாம். அந்த வலை பெரும்பாலும் நைலான். கடலில் அறுந்து விழுந்தால் பல வருஷம் மட்காது. மீனும் ஆமையும் அதில் சிக்கிச் சாகும். இதற்கு மாற்றாக, செடி தரும் சர்க்கரையை வைத்து உறுதியான நூல் செய்ய முடியுமா?

முடியும்! சில பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரையோ தாவர எண்ணெயோ கொடுத்தால், நம் உடம்பு கொழுப்பைச் சேர்ப்பதுபோல, அவை தம் உடலுக்குள் ஒருவகை பாலியெஸ்டரைச் சேர்த்து வைக்கும். 1926-லேயே பிரான்சில் மொரிஸ் லெமுவான் இதைக் கண்டறிந்துவிட்டார். ஆனால் அந்தப் பாலியெஸ்டரை நூலாக்கினால் பொசுக்கென்று உடைந்துவிடும்.

இதற்கு வழி கண்டது ஜப்பானில் தடாஹிசா இவாட்டாவின் குழு. அதை உருக்கி நூலாக இழுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் முக்கினார்கள். அது படிகமாக இறுகுவதற்குள், பல மடங்கு நீளத்துக்கு இழுத்தார்கள். அவ்வளவுதான்! தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைகட்டி நின்றன. உடைந்துகொண்டிருந்த நூல் உறுதியாகிவிட்டது. இன்னொரு நல்ல செய்தி, இந்த பாலியெஸ்டரைக் கடலில் வாழும் நுண்ணுயிரிகளே தின்று மட்கச் செய்துவிடும்.

நைலானைவிட விலை கூடுதல் என்பதுதான் இப்போதைய தடை. இந்த நூல் நம் கரைக்கு வரும்வரை, கடலுக்குப் போகும் அண்ணன்மாரே, கிழிந்த வலையைக் கடலில் விட்டுவிடாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்!