ஆளில்லாமல் தரையிறங்கிய எஃப்-106

1970 பிப்ரவரி 2 அன்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தின் மேல் வான்சண்டைப் பயிற்சியில் இருந்த ஓர் எஃப்-106 போர்விமானம் கட்டுப்பாடிழந்து, தட்டாமாலைபோல் சுழன்றபடி கீழிறங்கியது. எது செய்தும் மீட்க முடியாமல் விமானி இருக்கையோடு வெளியேறினார். உடனே விமானம் தானாக நிமிர்ந்து, பிக் சாண்டி ஊரருகே பனி மூடிய வயலில் வயிறு உரசச் சறுக்கி நின்றது. இதை அதிசயம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. இருக்கை சீறிக் கிளம்பிய விசை மூக்கைக் கீழே தள்ளியது. விமானியின் எடை நீங்கியதும் சமநிலை மாறியது. இரண்டும் சேர்ந்தே சுழற்சியை முறித்திருக்க வேண்டும்.

அப்படியானால் அவர் அவசரப்பட்டுவிட்டாரா? இந்தக் கேள்வி நியாயமற்றது. அவர் உள்ளேயே இருந்திருந்தால் அந்த விசையும் இல்லை, எடை மாற்றமும் இல்லை. விமானத்தோடு அவரும் அழிந்திருப்பார். நிமிர்ந்ததற்கு இயற்பியல் காரணம் சொல்லும். கீழே சமவெளியும் பனியும் வாய்த்தது மட்டும் நற்பேறு, அதை மறுக்க வேண்டியதில்லை. தரையில் நின்ற பிறகும் எஞ்சின் அணையவில்லை. விமானம் பனியில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எரிபொருள் தீர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. சேதம் சிறிதே என்பதால் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பணிக்குச் சென்றது. 1986 ஆகஸ்டில் டேட்டன் நகரிலுள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்கு வந்தது.