கதை யார்மீது வழக்குத் தொடுக்கிறது?

கரிசலும் வாசிப்பும் – 12

பிள்ளைப்பேற்றைப் பொருளாகக் கொண்ட புனைவுகளுக்கு வாசகர் காட்டும் எதிர்வினை, பிறப்புக்கோ பிறவாமைக்கோ அப்புனைவு யாரைப் பொறுப்பாளியாக்குகிறது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. அரசைப் பொறுப்பாக்கும் கதை ஒருவகை வாசிப்பைப் பெறுகிறது. ஊரையும் சாதியையும் பொறுப்பாக்கும் கதை வேறுவகை வாசிப்பைப் பெறுகிறது. வானத்தையும் கடனையும் பொறுப்பாக்கும் கதைக்குக் கண்ணீர் கிடைக்கிறதே தவிர, வழக்கும் வம்பும் வருவதில்லை. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தின் எழுத்தை, பிறப்புக்குச் சட்டத்தால் எல்லை வகுத்த சீனாவின் எழுத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

‘ஒரு குழந்தைக் கொள்கை’ என்று உலகம் அறிந்த சீன ஏற்பாடு, 1980 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு தன் உறுப்பினர்களுக்கு விடுத்த பகிரங்கக் கடிதத்தின் வழியே நாடு தழுவியதாயிற்று. பெயர் ஒரு குழந்தையைச் சொன்னாலும் விதி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. 1984-க்குப் பிறகு பல மாகாணங்களின் கிராமப்புறங்களில், முதற்குழந்தை பெண்ணாக இருந்தால் இரண்டாவது குழந்தைக்கு அனுமதி தரப்பட்டது. அனுமதியின்றிப் பெற்றவர் தண்டத் தொகை கட்ட வேண்டியிருந்தது. அக்குழந்தையைக் குடும்பப் பதிவேட்டில் சேர்ப்பதும் மறுக்கப்படலாம் என்ற நிலை இருந்தது. மாதம் முதிர்ந்த கருவைக்கூடக் கட்டாயமாகக் கலைத்த நிகழ்வுகளும் உண்டு. 2016-இல் இரண்டு குழந்தைகளுக்கும் 2021-இல் மூன்று குழந்தைகளுக்கும் அனுமதி வந்தபோது, முன்னர் தடுத்த அரசே பெற்றுக்கொள்ளுமாறு தூண்டும் நிலைக்கு மாறியிருந்தது.

இக்காலத்தை எழுதிய நாவல்களுள் இரண்டு பரவலாக வாசிக்கப்பட்டன. ‘தவளை’ என்று பொருள்படும் தலைப்பில் மோ யான் 2009-இல் வெளியிட்ட நாவல், ஷான்டோங் மாகாணத்துக் காவ்மி வட்டாரத்தில் பேறுகாலம் பார்க்கும் ஓர் அத்தையைப் பற்றியது. ஆயிரக்கணக்கான குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்த அதே கைகள், கொள்கை வந்தபின் கருக்களைக் கலைக்கின்றன. கதைசொல்லியின் முதல் மனைவியும் அந்த மேசையிலேயே உயிர்விடுகிறாள். ஜப்பானிய எழுத்தாளர் ஒருவருக்கு எழுதும் கடிதங்களாகவும் இறுதியில் ஒரு நாடகமாகவும் அமைந்த அந்நாவலுக்கு 2011-இல் சீன எழுத்தாளர் சங்கத்தின் மாவோ துன் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு மோ யானுக்கு நோபல் பரிசு வந்தது. மா ஜியான் எழுதி 2013-இல் ஆங்கிலத்துக்குப் போன ‘இருண்ட பாதை’, இரண்டாவது கருவைக் காப்பாற்றப் படகில் தப்பியோடும் ஒரு குடும்பத்தைப் பின்தொடர்கிறது. லண்டனில் வாழும் மா ஜியானின் நூல்கள் சீனாவில் தடைசெய்யப்பட்டவை.

இவ்விரு நூல்களும் மூன்று வகையாக வாசிக்கப்பட்டன எனலாம். முதல் வகையினர் புனைவைச் சாட்சியமாகக் கொண்டு, இப்படி நடந்தது உண்மையா என்று வினவினர். இரண்டாம் வகையினர் எழுத்தாளரையே விசாரித்தனர். சிறையிலிருந்த லியூ சியாவ்போவின் விடுதலைக்கான முறையீட்டில் மோ யான் கையெழுத்திட மறுத்ததை முன்வைத்து, அவரை ஆட்சியின் கையாள் என்ற பொருளில் சல்மான் ருஷ்தி கடிந்தார். மூன்றாம் வகையினர் மட்டுமே கதையின் வீட்டுக்குள் நுழைந்தனர். ‘இருண்ட பாதை’யில் மெய்லி என்ற பெண்ணைத் துரத்துவது அரசு மட்டுமன்று, கன்ஃபூசியஸின் வழித்தோன்றல் என்று பெருமை பேசி, ஆண்வாரிசுக்காக அவளை மீண்டும் மீண்டும் கருவுறச் செய்யும் கணவனும் அவளைத் துரத்துகிறான். ஒருபுறம் அதிகாரி, மறுபுறம் கணவன் என்ற இந்த நெருக்கடியில்தான் தமிழ் வாசகருக்குப் பழக்கமான களம் தொடங்குகிறது. அடுத்ததாவது ஆணாகட்டும் என்று பெண்குழந்தைக்குப் ‘போதும்பொண்ணு’ எனப் பெயரிட்ட குடும்பங்களைத் தென்மாவட்டத்து வாசகர் நன்கு அறிவார்.

கட்டளை இல்லாத கட்டுப்பாடு

தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்த வழி வேறு. குடும்பக் கட்டுப்பாட்டை உலகில் முதன்முதலாக 1952-இல் அரசுத் திட்டமாக்கிய நாடு இந்தியா. கருத்தடை அறுவை செய்துகொண்டவருக்கு ரொக்கம் தரும் முறையை 1950-களின் பிற்பகுதியிலேயே கைக்கொண்டது சென்னை மாகாணம். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற முழக்கமும் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதப்பட்டன. பொருளியலாளர் அமர்த்தியா சென் சீனாவின் கட்டாயத்துக்கு மாற்றாகக் கேரளத்தோடு தமிழ்நாட்டையும் காட்டினார். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியாகிய மொத்தக் கருவள விகிதம், 1979-க்கும் 1991-க்கும் இடையே சீனாவில் 2.8-லிருந்து 2.0 ஆகக் குறைந்தபோது, தமிழ்நாட்டில் 3.5-லிருந்து 2.2 ஆகக் குறைந்தது என்பது அவர் எடுத்துக்காட்டிய கணக்கு.

இந்தியாவில் கட்டாயம் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976–77 ஆகிய ஒரே ஆண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. மோ யானைக் கடிந்த அதே ருஷ்தி ‘நள்ளிரவின் குழந்தைகள்’ (1981) நாவலிலும், ரோகின்டன் மிஸ்திரி 1995-இல் வெளியிட்ட நாவலில் இரண்டு தையற்காரர்களின் கதை வழியாகவும் அக்கொடுமையை அரசின் கணக்கில் எழுதினர். ஆனால் அந்தச் சீற்றம் பெரிதும் வடக்குக்கு உரியது. 1977 மக்களவைத் தேர்தலில் வட மாநிலங்கள் காங்கிரசைத் துடைத்தெறிந்தபோது, தமிழ்நாடு காங்கிரஸ் – அ.தி.மு.க. அணிக்கே பெரும்பாலான தொகுதிகளைத் தந்தது. கட்டாயக் கருத்தடை தமிழகத்தின் அரசியல் நினைவில் ஆழமாகப் பதியவில்லை. அரசைக் குற்றஞ்சாட்டும் பிறப்புக்கதை தமிழில் வலுவாக எழாமைக்கு இது ஒரு காரணமாகலாம்.

கரிசலின் கணக்கு

கரிசல் என்பது ஆற்றுப் பாசனம் அற்ற, மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவிக்கும் கருமண் பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியது தீப்பெட்டி ஆபீஸ். அங்கே குச்சி அடுக்கவும் வீட்டில் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களே விரும்பப்பட்டன. குடும்பத்துக்குள் செல்வம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதே பிறப்பின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்றார் மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல்: பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கு வந்து சேரும்வரை பிள்ளைகள் பலராவர், பெற்றோரின் பணம் பிள்ளையின் படிப்புக்குப் போகத் தொடங்கியதும் பிறப்பு குறையும். ஏழு எட்டு வயதிலேயே கூலி கொண்டுவரும் பிள்ளை இருந்த வட்டாரத்துக்கு இக்கருத்து நன்கு பொருந்தும். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பள்ளியில் சத்துணவும் சேர்ந்து அந்தக் கணக்கைப் படிப்படியாக மாற்றின.

கரிசல் எழுத்தாளர்கள் எழுதியது இந்தக் கணக்கின் வலியைத்தான். இடைசெவல் என்ற ஒரே ஊரில் 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்த இருவருள், கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தன் பிள்ளைகளுக்கே துணி போதாத தாய் தீபாவளியன்று ஓர் அநாதைச் சிறுவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில், தீர்வை பாக்கிக்காக வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். வாடை புகுந்த வீட்டில் கைக்குழந்தை இறக்கிறது. கோவில்பட்டிக்கு அருகே ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படமும், களத்துக்கு வந்து தங்கி எழுதும் வழக்கமுடைய ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக் குஞ்சுகள்’ நாவலும் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பேசுகின்றன. எத்தனை பிள்ளை பெற வேண்டும் என்ற கேள்வி இவற்றில் எழுவதே இல்லை. பிறந்த பிள்ளை பிழைக்குமா என்பதே கேள்வி. ‘கதவு’ கதையில் அரசு கதவைக் கொண்டுபோகிறதே அன்றிக் கருவைக் கொண்டுபோவதில்லை. இக்கதைகள் பாடநூல்களிலும் தொகுப்புகளிலும் மன எரிச்சல் எதையும் கிளப்பாமல் இடம்பெற்றதற்கு, அவை வறுமையைக் கூண்டில் ஏற்றின, வாசகரை ஏற்றவில்லை என்பது முக்கியமான காரணம்.

வாசகரே கூண்டில் ஏறியபோது

வாசகரைக் கூண்டில் ஏற்றிய நாவல் கொங்கு நாட்டிலிருந்து வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) பிறப்புத் தடையைப் பற்றியதன்று. அதற்கு நேர்மாறாக, பிள்ளையில்லாத காளி – பொன்னா தம்பதியர்மீது ஊரும் உறவும் சுமத்தும் கட்டாயத்தைப் பற்றியது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் ஓர் இரவில், முன்பின் அறியாத ஆணைச் சாமியாகக் கருதிக் கூடிப் பெண்கள் பிள்ளைவரம் பெற்றதாக வரும் பகுதியைக் காட்டி, 2014 டிசம்பரில் எதிர்ப்பு வெடித்தது, நூல் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின், தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூலைத் தடைசெய்யும் கோரிக்கையை மறுத்து, பிடிக்காத நூலை வாசகர் மூடி வைக்கலாம், எழுத்தாளர் எழுத்துக்குத் திரும்பட்டும் என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. நாவலின் முடிவுக்குப் பின் என்ன ஆயிற்று என்பதற்கு, காளி இறந்ததாகவும் உயிரோடு இருப்பதாகவும் கொண்டு ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்ற இரு தொடர்ச்சிகளை அவர் தந்திருந்தார் என்பது இந்த ஆரவாரத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படவே இல்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘கருத்தம்மா’ (1994). பாரதிராஜா இயக்கிய, பெண்சிசுக்கொலையைப் பேசிய அத்திரைப்படத்துக்கு ஒன்றிய அரசு குடும்ப நலம் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருதை வழங்கியது. பிறந்த பெண்ணைக் கொல்லும் தந்தையும் அவனை அவ்வாறு நடக்கவைக்கும் வரதட்சிணையும் அங்கே குற்றவாளிகள். அரசோ, 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாகக் காப்பாளராகத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. தன்னைக் குற்றஞ்சாட்டாத பிறப்புக்கதைக்கு விருதளிப்பது எந்த அரசுக்கும் எளிது. மோ யானின் அத்தை, பழியைத் தன் மனச்சாட்சியில் ஏற்றுக்கொண்டு, பிறவாத குழந்தைகளுக்கெல்லாம் களிமண் பொம்மைகள் செய்விக்கிறாள் என்பதையும், அந்நாவலுக்குச் சீனாவிலேயே பரிசு கிடைத்தது என்பதையும் இதனோடு இணைத்துப் பார்க்கலாம். பழி முழுவதையும் ஆட்சியின்மேல் வைத்த மா ஜியானுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இந்த வரிசையில் கரிசல் எழுத்து நிரப்பாத ஓர் இடம் உண்டு. ‘ரெண்டோட ஆபரேஷன் பண்ணியாச்சு’ என்று ஒரு தலைமுறைப் பெண்கள் இயல்பாகச் சொன்ன அறுவை, இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற நாவல்கள் எதிலும் மையப்பொருள் ஆகவில்லை. முகாமுக்கு ஆள் சேர்க்க வேண்டிய இலக்கு 1996 ஏப்ரல் வரை சுகாதார ஊழியர் தலையில் இருந்தது. வாசெக்டமி என்னும் ஆண் கருத்தடை எளிதாக இருந்தும், அறுவைக்குப் படுத்தவர்கள் மிகப் பெரும்பாலும் பெண்களே. மறுவாரமே களையெடுக்கவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவும் எழுந்தவர்களும் அவர்களே. இங்கே குற்றவாளி எளிதில் கிடைப்பதில்லை. நர்சம்மா ஊருக்கு வேண்டியவர், கணவர் கொடியவர் அல்லர், அரசு ரொக்கம் கொடுத்திருக்கிறது, பெண்ணும் சம்மதித்திருக்கிறாள். கொடுமைக்கும் விருப்பத்துக்கும் இடைப்பட்ட இந்தச் சம்மதத்தை எழுதுவதற்கு, கட்டாயக் கருக்கலைப்பை எழுதுவதைவிடவும் நுட்பமான கலை வேண்டும். சீன நாவல்களை வாசிக்கும் கரிசல் வாசகர், அந்நாட்டின் கொடுமையை வியந்து புத்தகத்தை மூடிவிடாமல், தம் ஊரில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாமலே முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கதைக்கான வாசகர் எழுத்தாளருக்கு முன்பே தயாராகிவிடுவார்.

(அடுத்த இதழில்: கி.ரா. தொகுத்த பாலியல் நாட்டார் கதைகளும் அவற்றை வாசகர் எதிர்கொண்ட விதமும்)