வெளியே வழி இல்லாத ஏரி

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கிறவங்களுக்கு உப்புன்னா மரக்காணம்தான். அது கடல் தண்ணியில விளையற உப்பு. ஆனா ராஜஸ்தான்ல, ஜெய்ப்பூருக்கு மேற்கே சாம்பார் ஏரியிலயும் உப்பு எடுக்கிறாங்க. (பேரைக் கேட்டு இட்லி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.) கடலோ அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர். அப்போ உப்பு எப்படி?

நம்ம கழுவேலியை நினைச்சுக்குங்க. மழையில நிறைஞ்சா, மிச்சத் தண்ணி எடையன்திட்டு கழிமுகம் வழியா கடலுக்குப் போயிடும். சாம்பார் ஒரு தட்டு மாதிரி. மேந்தா, ரூபன்கர் ஆறுகள் உள்ளே வரும். வெளியே போக வழியே கிடையாது. தண்ணி ஆவியாத்தான் போகணும். ஆறு மண்ணையும் பாறையையும் கரைச்சுக் கொண்டுவந்த உப்பு மட்டும் தங்கிடும். பல்லாயிரம் வருஷமா சேர்ந்தது அது.

அந்த ஏரிக்கு வரவு மழை, செலவு வெயில். ஆத்துல தடுப்பணை கட்டினா, ஏரிக்குள்ளேயே போர் போட்டு உப்புத்தண்ணியை உறிஞ்சினா, ஈடுகட்ட வேற தண்ணி இல்லை. ரெண்டுமே அங்கே நடக்குது. கழுவேலியில மழை பொய்ச்சா கடல் தண்ணியாவது ஏறி வரும். சாம்பார் 1990லயே ராம்சார் பட்டியல்ல சேர்ந்த இடம், பூநாரைகள் குளிர்காலத்துல நம்பி வர்ற இடம். தண்ணி சுருங்கின வருஷங்கள்ல அதுங்க வரவும் சுருங்கிடுது.