சிம் போட்ட கணக்கும் விற்ற கணக்கும்

2012 ஏப்ரல் 9ஆம் தேதி ஆப்பிள் பங்கு 636 டாலரில் முடிந்தது. 24ஆம் தேதி அதே பங்கு 560 டாலர். ஜனவரி–மார்ச் காலாண்டில் எத்தனை ஐபோன் விற்றது என்று ஆப்பிள் அதுவரை வாயே திறக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் இரண்டு செல்போன் சேவை நிறுவனங்கள் திறந்துவிட்டன. அந்தக் காலாண்டில் தங்களிடமிருந்து 32 லட்சம் ஐபோன் போயிருப்பதாக வெரைசான் 19ஆம் தேதி சொன்னது. ஏடி அண்ட் டி 24ஆம் தேதி காலையில் 43 லட்சம் என்றது. அதற்கு முந்தைய காலாண்டில் இதே இரண்டு நிறுவனங்களும் சொன்ன எண்கள் 42 லட்சமும் 76 லட்சமும். ஐபோன் மோகம் தணிந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள்.

அன்று மாலை சந்தை மூடியதும் ஆப்பிள் தன் கணக்கை வெளியிட்டது: 3.51 கோடி ஐபோன். ஆய்வாளர்கள் எதிர்பார்த்திருந்தது சுமார் 3 கோடி. மறுநாள் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம் ஏறியது.

செல்போன் சேவை நிறுவனங்களின் எண்ணை வைத்து, போன் தயாரிப்பவரின் விற்பனையைக் கணிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே அப்போது போன் விற்றதே பெரும்பாலும் சேவை நிறுவனங்கள்தான். 649 டாலர் விலையுள்ள ஐபோன் 4எஸ், இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 199 டாலருக்குக் கிடைத்தது. மீதிப் பணத்தைச் சேவை நிறுவனம் தன் கையிலிருந்து போட்டு, மாதக் கட்டணத்தில் மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டது. ஆகவே எந்த போன் யாரிடம் போனது என்ற கணக்கு அவர்களிடம் துல்லியமாக இருந்தது. அவை பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் என்பதால் மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கைக் காட்டியாகவும் வேண்டும். அதைப் பல முறை ஆப்பிளுக்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்பே காட்டிவிடுவார்கள். இந்த இடைவெளியில்தான் கணிப்பாளர்களின் பிழைப்பு நடந்தது. நம் ஊரில் போனைக் கடையில் வாங்கிக்கொண்டு சிம்மைத் தனியாகப் போட்டுக்கொள்கிறோம். ஏர்டெல்லின் காலாண்டு அறிக்கையை எத்தனை முறை புரட்டினாலும் எந்த கம்பெனி போன் எத்தனை விற்றது என்பது அதில் கிடைக்காது.

கணக்கு போடும் முறை எளிமையானதுதான். 2011 அக்டோபர்–டிசம்பரில் ஆப்பிள் உலகம் முழுக்க விற்றது 3.70 கோடி. ஏடி அண்ட் டியும் வெரைசானும் சேர்ந்து 1.18 கோடி. அதாவது இந்த இருவர் சொல்வதைப் போல 3.14 மடங்கு உலக விற்பனை. அடுத்த காலாண்டில் இருவரும் சேர்ந்து சொன்னது 75 லட்சம். அதை 3.14ஆல் பெருக்கினால் 2.35 கோடி வரும். உண்மையில் விற்றது 3.51 கோடி. வித்தியாசம் மட்டுமே ஒரு கோடியைத் தாண்டுகிறது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் இவ்வளவு முரட்டுத்தனமாகப் பெருக்க மாட்டார்கள். பழைய வருடங்களின் போக்கு, உதிரிபாகம் செய்பவர்களின் கணக்கு என்று இன்னும் நாலைந்தைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அப்படியும் ஐம்பது லட்சம் குறைவாகவே சொன்னார்கள்.

பிழை 75 லட்சத்தில் இல்லை. அது சரியான எண். பெருக்கிய 3.14இல்தான் பிழை.

ஐபோன் 4எஸ் அமெரிக்காவில் 2011 அக்டோபர் 14 அன்று வந்தது. முதல் வேகத்தில் வாங்கத் துடித்தவர்கள் எல்லாரும் டிசம்பருக்குள் வாங்கிவிட்டார்கள். ஜனவரியில் அங்கே விற்பனை இறங்குவது இயல்பு. சீனாவில் அதே போன் 2012 ஜனவரி 13 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. பெய்ஜிங்கின் சான்லிதுன் கடை முன்னால் இரவெல்லாம் குளிரில் நின்ற கூட்டம், கடை திறக்கப்படாது என்று அறிவித்ததும் கண்ணாடிச் சுவரில் முட்டை வீசியது. மார்ச்சில் சைனா டெலிகாம் நிறுவனமும் ஐபோன் விற்கத் தொடங்கியது. அந்தக் காலாண்டில் சீனப் பகுதியிலிருந்து மட்டும் ஆப்பிளுக்கு 790 கோடி டாலர் வருமானம். முட்டை வீச்சை உலகமே பார்த்தது. அதை விற்பனைக் கணக்கில் சேர்க்கத்தான் பலருக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் மூன்றாவது நிறுவனமான ஸ்பிரின்ட்டையும் சேர்த்துப் பார்த்தால் டிசம்பர் காலாண்டில் உலக விற்பனையில் இந்த மூவரின் பங்கு 37 சதவீதம், மார்ச்சில் 26. (ஸ்பிரின்ட் தன் எண்ணைச் சொன்னதே 25ஆம் தேதிதான், ஆப்பிளுக்கு மறுநாள்; கணிப்பவருக்கு அது பயன்படாத எண்.)

இன்னொரு சங்கதி, இரு தரப்பும் எண்ணுவது ஒன்றையே அல்ல. ஆப்பிள் தன் கிடங்கிலிருந்து விநியோகக்காரருக்கு அனுப்பியதையும் விற்பனையாகவே எழுதும். சேவை நிறுவனமோ வாடிக்கையாளர் போனை இயக்கி, தன் இணைப்பில் சேர்ந்த பிறகு எண்ணும். நடுவே கடை அலமாரியிலும் கிடங்கிலும் உறங்கும் பெட்டிகள் ஒரு கணக்கில் இருக்கும், மற்றதில் இருக்காது. 2012இன் அந்தக் காலாண்டில் இப்படித் தேங்கிய இருப்பு மட்டும் 26 லட்சம் கூடியது என்று ஆப்பிளே சொன்னது. கழித்துப் பார்த்தால் மக்கள் கைக்குப் போனது சுமார் 3.25 கோடி. ஆய்வாளர்களின் கணிப்பு அந்த அளவுக்கு மோசமில்லை என்றும் இதை வைத்து வாதிடலாம்.

நாட்காட்டியும் விளையாடும். ஆப்பிளின் காலாண்டு சனிக்கிழமையில் முடியும்; வழக்கமாக 13 வாரம். 2011 டிசம்பரில் முடிந்தது மட்டும் 14 வாரம், செப்டம்பர் 25இல் தொடங்கியது. சேவை நிறுவனங்களுக்கு அக்டோபர் 1தான் தொடக்கம். அந்த உபரி நாட்கள் புது போன் வருவதற்கு முந்தைய மந்தமான நாட்கள் என்பதால் பெரிய சேதமில்லை.

இந்த வித்தியாசமெல்லாம் புதிதாகத் தெரியவந்ததும் இல்லை. முதல் ஐபோன் 2007 ஜூன் 29 மாலை விற்பனைக்கு வந்தது; காலாண்டு மறுநாளே முடிந்தது. ஜூலை 24 அன்று ஏடி அண்ட் டி, அந்த இரண்டு நாளில் 1,46,000 ஐபோன்கள் இணைப்புப் பெற்றதாகச் சொல்ல, ஆப்பிள் பங்கு 6 சதவீதம் விழுந்தது. மறுநாள் ஆப்பிள் சொன்ன எண் 2,70,000. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் கணினியில் இணைத்து ஐடியூன்ஸ் வழியாகத்தான் போனை இயக்க வேண்டியிருந்தது. நெரிசலில் பலருக்கு அது உடனே நடக்கவில்லை. சிலர் இயக்குவதற்காக வாங்கவும் இல்லை. பூட்டை உடைத்து வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பயன்படுத்த வாங்கியவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று அந்த அக்டோபரில் ஆப்பிளின் டிம் குக்கே கணக்குச் சொன்னார். அதுவரை விற்ற மொத்தமே 14 லட்சத்துக்குள்தான்.

விவரம் தெரிந்தவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் சேவை நிறுவனத்தின் லாப விகிதத்தையும் பார்த்தார்கள். ஒவ்வொரு ஐபோனுக்கும் அது சில நூறு டாலர் மானியம் கொடுத்ததால், ஐபோன் நன்றாக விற்ற காலாண்டில் லாபம் மெலியும். ஏடி அண்ட் டியின் செல்போன் பிரிவில் அந்த விகிதம் 2011 டிசம்பரில் 30 சதவீதத்துக்குக் கீழே போய், மார்ச்சில் 40ஐத் தாண்டியது. அமெரிக்காவில் விற்பனை இறங்கியதை அதுவும் உறுதி செய்தது. சீனாவைப் பற்றி அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மானியத்தின் இடத்தில் மாதத் தவணை வந்துவிட்டது. சேவை நிறுவனங்கள் ஐபோன் எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட்டன. மிஞ்சியிருப்பது, போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதம் பேர் அந்தக் காலாண்டில் போனை மாற்றினார்கள் என்ற விகிதம். ஒரு நிறுவனத்துக்கு 7 கோடி போஸ்ட்பெய்டு போன்கள், மாற்றியவர்கள் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 28 லட்சம் போன்கள். அதில் ஐபோன் எத்தனை, சாம்சங் எத்தனை, கையில் போனோடு வந்து சேர்ந்த புது வாடிக்கையாளர் எத்தனை என்பதெல்லாம் அவரவர் ஊகம். ஆப்பிளும் 2018 நவம்பரில், இனி எத்தனை ஐபோன் விற்றது என்று சொல்லப்போவதில்லை என அறிவித்துவிட்டது. ஐபோன் வருமானத்தை டாலரில் சொல்கிறது. அதைச் சராசரி விலையால் வகுத்துக்கொள்ளலாம், அந்தச் சராசரி விலையையும் நாமே ஊகிக்க வேண்டும். 2012இல் தப்புக் கணக்குப் போட்டவர்களுக்கு அதே மாலையில் விடை கிடைத்தது.